நாலு கொம்பு, நாலு இரைச்சல்

வைஃபை பெட்டியின் தலையில் நாலு கொம்பு இருந்தால் வேகமும் நாலு மடங்கு என்பார் கடைக்காரர். எதிர்முனையிலும் நாலு ஆன்டெனா இருந்து, சுவரிலும் கட்டடத்திலும் பட்டுச் சிதறும் அலைகள் ஒத்துழைத்தால், கணக்குப்படி அது பொய்யில்லை. பொள்ளாச்சியில் பிறந்து, கடற்படையில் பணியாற்றி, ஸ்டான்ஃபோர்டு போன ஆரோக்கியசாமி பால்ராஜ் 1994ல் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமை வாங்கியது இந்தச் சங்கதிக்குத்தான். பெயர் மைமோ.

கடைக்காரர் சொல்லாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு கொம்புக்கும் பின்னால் ஒரு ஆம்ப்ளிஃபையர். அது சிக்னலைப் பெரிதாக்கும்போது கூடவே தன் இரைச்சலையும் கலந்துவிடும்.

சூடுள்ள எந்த மின்தடையும் சும்மா இருக்காது, சலசலக்கும் என்று 1928லேயே ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் காரணம் சொன்னார். அறை வெப்பத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இந்த இரைச்சல், ஒரு வாட்டை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துளியில் 8 சதவீதம்தான். ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் எண் 3 டெசிபல் என்றால், தன் பங்குக்கு அதே அளவு இரைச்சலைச் சேர்க்கிறது என்று பொருள். மொத்தம் இரட்டிப்பு.

இனி நம்ம காமர்ஸ் மூளைக்கு வேலை. ஷானன் 1948ல் தந்த சூத்திரப்படி, சிக்னல் பலமாக இருக்கும்போது இரைச்சல் இரட்டித்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கு ஒரு பிட் நஷ்டம். 20 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 20 மெகாபிட். நாலு ஆன்டெனா என்றால் நாலு வழியிலும் இதே கதை, 80 மெகாபிட் அவுட்! சதவீதத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கல்லாவிலிருந்து போவது நாலு மடங்கு.

டவரிலிருந்து தள்ளி இருப்பவர் பாடு இன்னும் மோசம். அங்கே சிக்னலே இரைச்சலுக்குள் முங்கிக் கிடப்பதால், இரைச்சல் இரட்டித்தால் கொள்ளளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் அவரைக் காப்பாற்றுவதும் அதே கொம்புகள்தான். நாலிலும் வரும் சிக்னலை ஒத்திசைத்துக் கூட்டினால் அதன் சக்தி 16 மடங்கு. நாலு ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல்களுக்குள் ஒற்றுமை கிடையாதே, அவை கூடினாலும் 4 மடங்குதான். நிகர லாபம் 4 மடங்கு. ஆக, 3 டெசிபல் சுமார் சரக்கு நாலு, இரைச்சலே சேர்க்காத அதிசய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை இரண்டு மடங்கில் ஜெயிக்கும்!

அதற்காக எல்லாமே மட்டமாக இருக்கலாம் என்றில்லை. 1944ல் ஃப்ரிஸ் காட்டியபடி, வரிசையில் முதல் ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல்தான் முழுசாகக் கணக்கில் ஏறும். பின்னால் வருபவற்றின் இரைச்சல், முதலாவது எத்தனை மடங்கு பெருக்கியதோ அத்தனையால் வகுபடும். அதனால்தான் சில செல்போன் டவர்களில் அந்த முதல் ஆம்ப்ளிஃபையரைக் கீழே அறையில் வைக்காமல், உச்சியில் ஆன்டெனாவை ஒட்டியே மாட்டிவிடுகிறார்கள்.