ஆடும் கோட், சட்டையும் கோட்

கீரனூரிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருச்சிக்குப் படிக்கப் போனான் ஒரு மாணவன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கல்லூரியில் முதல் செமினார். பள்ளிக்கூடக் கண்காட்சியில் பரிசு வாங்கிய கதையை ஆங்கிலத்தில் சொன்னான். பரிசு என்று சொல்ல நினைத்தான், வாயில் வந்தது விலை. தமிழில் எழுதினால் இரண்டும் ‘பிரைஸ்’ தானே! வகுப்பே சிரித்தது. அந்த செமஸ்டர் முழுக்க அவன் எழுந்து பேசவில்லை. பாடம் தெரிந்தும்தான்.

கோளாறு நாக்கில் இல்லை நண்பர்களே. ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிப் படிக்கிறோமே, அந்தப் பழக்கத்தில் இருக்கிறது. ஆடு, மேல்சட்டை இரண்டும் ‘கோட்’. பை, முதுகு, பொட்டலம் கட்டுவது மூன்றும் ‘பேக்’!

தமிழில் வல்லின எழுத்து ஒன்றுதான், ஒலி இடத்துக்குத் தக்கபடி மாறும். கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். ‘பம்பரம்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. ஆக, இரண்டு ஒலியும் நம் வாயில் ஏற்கனவே இருக்கிறது. ‘கடை’யில் வரும் க மேல்சட்டைக்கு. ‘தங்க’த்தில் வரும் க ஆட்டுக்கு. அதைச் சொல்லின் முதலில் கொண்டுவருவதுதான் பழக வேண்டியது.

பொட்டலம் கட்டுவதற்கு இன்னொன்றும் வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துச் சொன்னால் காகிதம் ஆட வேண்டும். நம் ப-வுக்கு அது ஆடாது. அதனால்தான் வெள்ளைக்காரர் காதில் பொட்டலம் முதுகாக விழுகிறது. பைக்கும் முதுகுக்கும் கடைசி எழுத்து மட்டுமல்ல, நடுவிலுள்ள உயிரொலியும் வேறுபடும். பைக்குச் சற்று நீளம்.

பரிசு? ‘ஸ்’ சொல்லும்போது நாக்கை அசைக்காமல் தொண்டையில் வண்டு மாதிரி ரீங்காரம் கொடுக்க வேண்டும். விரலைத் தொண்டையில் வைத்தால் அதிர்வு தெரியும். விலைக்கு அதிராது.

எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை. இரவும் குதிரை வீரனும் ‘நைட்’ தான். வீரனுக்கு முன்னால் இருந்த க் ஒலியை ஆங்கிலேயரே விட்டுவிட்டார்கள், எழுத்து மட்டும் மிச்சம். கல்லூரி முதல்வரும் கொள்கையும்கூட உச்சரிப்பில் ஒன்றே. கப்பல், செம்மறியாடு விஷயத்தில் நமக்குக் கஷ்டமே இல்லை. ‘ஷிப்’, ‘ஷீப்’ என்று குறில் நெடில் போதும்.

அது சரி, அன்று சிரித்தவர்களில் எத்தனை பேர் வாழைப்பழத்தை ஒழுங்காகச் சொல்வார்கள்?

அடுத்த செமஸ்டரில் அவன் பஸ்ஸிலேயே பழக ஆரம்பித்தான். ஜன்னலோர சீட், தொண்டையில் விரல், பரிசு, விலை, பரிசு, விலை. மாத்தூர் தாண்டுவதற்குள் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன தம்பி, தொண்டை கட்டிக்கிச்சா?”