சுருட்டுப் பெட்டியும் தங்கூசி நூலும்

கருவி வாங்க வழியற்றவனுக்கு இசை எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களுக்கு விடையாகவே, நாயாற்றில் என் வீட்டுப் பட்டறையில் யுக்குலேலே ஒன்றைச் செய்துவருகிறேன். அதன் உடல் பழைய சுருட்டுப் பெட்டி, கழுத்து வேப்பங்கட்டை, நான்கு நரம்புகளும் எங்கள் மீனவர் கடலில் வீசும் தங்கூசி நூல்.

நரம்பின் அதிரும் நீளம் 350 மில்லிமீட்டர். குதிரைவரை எஞ்சும் நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்து மெட்டுகளைப் பதித்துச் சென்றால், 12ஆம் மெட்டு சரிபாதியில் விழும். அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். இக்கணக்கு ஏழை, செல்வன் என்று பார்ப்பதில்லை.

இக்கருவியின் வரலாறும் உழைப்பாளர் வரலாறே. 1879இல் போர்த்துக்கலின் மதீராத் தீவிலிருந்து ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறியோர் தம்முடன் கொண்டுசென்ற சிறு நரம்புக் கருவியிலிருந்தே யுக்குலேலே பிறந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சுருட்டுப் பெட்டிக்கு நரம்பு கட்டி மீட்டியவர்களும், கடையில் வாங்க இயலாத எளியவர்களே.

தோணியைச் செப்பனிட்டு வலை பொத்தும் கைகளுக்கு இத்தொழில் அரிதன்று. ஆசிரிய நண்பர்களே, மரவேலை வகுப்பில் இதற்கும் ஓர் இடம் தாருங்கள். தன் கருவியைத் தானே செய்த சிறுவன், பாட்டுக்காக எவர் வாயிலிலும் காத்து நிற்கமாட்டான்.