ஈ, தா, கொடு

மலர்க்குழுவைச் சேர்ந்த மாணவர் இருவர் சென்ற மாதம் என்னிடம் வந்து, "சேர், மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள்" என்றனர். 'தாருங்கள்' என்ற அச்சொல் பழைய நிகழ்ச்சியொன்றை நினைவூட்டியது. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

2011 ஆம் ஆண்டு. பயிற்றப்பட்ட ஆசிரியனாய்த் தொலைவிலுள்ள பாடசாலையொன்றிற் கற்பித்து வந்தேன். கொட்டாஞ்சேனையில் என் அன்னையார் நோயுற்றிருந்தார். கொழும்புக்கு இடமாற்றம் வேண்டி விண்ணப்பம் எழுத முற்பட்டேன். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியமையால், தமிழிலே எழுத உரிமை இருந்தது. ஆயினும், ஆங்கிலத்தில் எழுதினாற் கருமம் விரைந்து முடியும் என்றனர் நண்பர். 'இடமாற்றம் கோருகின்றேன்' என மனத்துள் வாக்கியம் அமைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டினேன். கோருதலுக்கு 'றிக்குவெஸ்ட்', 'டிமாண்ட்' என இரு வினைகளைக் கண்டேன். பின்னையது மிடுக்காகத் தோன்றவே அதனையே எழுதினேன்.

சில கிழமைகளின் பின் அழைப்பு வந்தது. அதிகாரி என் கடிதத்தை மேசைமேல் விரித்து, "இது வேண்டுகோளா, கட்டளையா?" என்று ஆங்கிலத்தில் வினவினார். விளக்கம் சொல்ல நா எழவில்லை. திருத்தி எழுதிய விண்ணப்பம் வரிசையின் கடையிற் சேர்ந்தது. இடமாற்றக் கடிதம் என் கைக்குக் கிடைத்தபோது அன்னையார் உயிரோடில்லை. அவ்வொரு சொல்லே தாமதத்துக்கு முழுக்காரணம் என்று கூறேன். ஆயினும் அச்சொல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

கொழும்புக்கு வந்தபின், 1942 இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் வெள்ளவத்தை நூலகத்துக்கு அடிக்கடி சென்றேன். ஒருநாள், 1938 இல் சுன்னாகத்திலிருந்து வெளிவந்த, கணேசையர் குறிப்புக்களோடு கூடிய தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையைப் புரட்டினேன். எச்சவியலில் ஒரு விதி கண்ணிற்பட்டது. ஒன்றை இரக்குங்கால், தாழ்ந்தவன் 'ஈ' என்றும், ஒத்தவன் 'தா' என்றும், உயர்ந்தவன் 'கொடு' என்றும் கூறுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. பரீட்சைக்காக மனனஞ் செய்ததும், பின் எத்தனையோ வகுப்புக்களிற் கற்பித்ததுமான விதி! பெறவிரும்பும் பொருள் ஒன்றே. கேட்போனும் கொடுப்போனும் நிற்கும் நிலையே வினையைத் தெரிவு செய்கின்றது. இதனைத் தமிழிற் கற்பித்த யான், ஆங்கிலம் எழுதப் புகுந்தபோது மறந்துவிட்டேன்.

'டிமாண்ட்' என்பதன் மூலமான பிரெஞ்சுச் சொல் இன்றும் அம்மொழியிலே வெறுமனே கேட்டலையே குறிக்கும். ஆங்கிலத்திலோ மறுப்புக்கு இடங்கொடாது கேட்டலாயிற்று. 'றிக்குவெஸ்ட்' மறுக்கும் உரிமையைக் கேட்கப்படுவோனிடமே விட்டுவிடுகின்றது. இவ்வேறுபாட்டை அகராதியின் ஒற்றைச்சொற் பொருள் காட்டாது.

ஏனைய வினைகளும் இத்தகையனவே. 'லெண்ட்', 'பொறோ' என்னும் இரண்டையும் மயங்கும் மாணவர் பலர். புத்தகத்தை இரவல் கொடுப்பவன் செயல் முன்னையது. இரவல் வாங்குபவன் செயல் பின்னையது. 'பிறிங்', 'டேக்' என்பவற்றுக்கும் நம் இலக்கணமே கைகொடுக்கும். வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகளுக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என்பது கிளவியாக்கத்திற் காணப்படும் விதி. "எனக்குத் தா, அவனுக்குக் கொடு" என யாழ்ப்பாணத்துப் பாட்டிமார் இலக்கணம் பயிலாமலே பிழையறப் பேசுவர். பேசுவோனை நோக்கி வருவது 'பிறிங்', அவனைவிட்டு அகல்வது 'டேக்' என்று தொடக்கத்திற் கொண்டால், பெரும்பாலான மயக்கம் நீங்கும்.

ஆதலின் மாணவச் செல்வர்களே, ஒரு பொருட்குப் பல வினைகள் எதிர்ப்படுமிடத்து, 'பொருள் என்ன?' என்பதோடு நின்றுவிடாதீர்கள். யார், யாரிடம், எந்நிலையில் நின்று பேசுகின்றார் என்றும் வினவுங்கள். ஆங்கிலம் நன்கு பயிலுங்கள்; அதற்குத் தமிழிலக்கணம் தடையன்று, துணையே. இஃது எனக்குக் காலங்கடந்து விளங்கியது. உங்களுக்கு உரிய காலத்திலே விளங்குக.

மலர்க்குழு மாணவர் என்னிடம் 'தாருங்கள்' என்றனர். பழைய விதிப்படி அஃது ஒத்தார் கூற்று. ஆசிரியனைத் தம்முள் ஒருவனாகக் கொண்ட அவ்வன்புக்கு மகிழ்ந்து, இக்கட்டுரையைத் தந்தேன்.