கொப்பன்ஹேகனில் ஒரு சுற்று

யூட்லண்டிலிருந்து கொப்பன்ஹேகனுக்கு வரும் எம்மவர் குடும்பங்கள் பொதுவாகக் கடற்கன்னி சிலைக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள், திவோலியில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பார்கள், பின்னேர ரயிலுக்கு ஓடுவார்கள். அடுத்தமுறை வரும்போது பழைய பங்குச் சந்தைக் கட்டடத்தடிக்கும் ஒருக்கால் போய்ப் பாருங்கள். 'போர்சன்' என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

நான்காம் கிறிஸ்தியான் மன்னன் 1619இல் கட்டத் தொடங்கியது. நான்கு ட்றாகன்களின் வால்களை ஒன்றாக முறுக்கிவிட்டது போன்ற அதன் கோபுரம் 2024 ஏப்ரல் 16ஆம் திகதி தீப்பிடித்துச் சரிந்தது. உள்ளேயிருந்த பழைய ஓவியங்களை வீதியால் போனவர்களும் சேர்ந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டேனிஷ்காரர் கண்கலங்கி நின்றார்கள். 1981இல் யாழ். நூலகம் எரிந்ததைக் கண்ட சனங்கள் நாங்கள். அந்தக் கண்ணீர் எங்களுக்கு விளங்காததல்ல.

பங்கு வியாபாரம் 1974இலேயே அங்கிருந்து வேறிடம் போய்விட்டது. ஆனால் அந்தக் கட்டடத்தின் காலத்துக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இதே மன்னன் 1616இல் கிழக்கிந்தியக் கம்பனி ஒன்றுக்கு அனுமதி கொடுத்தான். பங்குப் பணம் சேர்த்துக் கப்பல் அனுப்பினார்கள். 1618இல் ஓவே கெட்டே தலைமையில் புறப்பட்டவர்கள் முதலில் நாடி வந்தது இலங்கையைத்தான். கண்டி மன்னனுடனான பேச்சு பலிக்கவில்லை. பிறகுதான் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620இல் தரங்கம்பாடியில் இடம் பெற்றார்கள். 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். பங்கு போட்டவர்களுடைய கம்பனியோ 1650இலேயே கலைந்துபோனது! ஆகவே, "நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று யாராவது கேட்டால், முதலில் வந்தது நீங்கள்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

பக்கத்திலேயே நாடாளுமன்றம். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக முடக்கி வைத்தார். மனைவி பிள்ளைகள் போருக்குள் நிற்க, இங்கே தபாற்பெட்டியைப் பார்த்தபடி இருந்தவர்கள் எங்களுக்கு முன் வந்தவர்கள். 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வெளிவந்தது. பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் அமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை. எங்கள் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்டதற்காக ஓர் அரசாங்கம் விழுந்திருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

அந்த விசாரணை நடந்த காலத்தில்தான் 1992 ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டம். தகுதி பெறாதிருந்த டென்மார்க், போரினால் ஐ.நா. தடைக்குள்ளான யூகோஸ்லாவியாவுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டது. வீட்டுக் குசினியைத் திருத்தவிருந்த பயிற்றுநர் றிச்சாட் மொல்லர் நீல்சன் அதை விட்டுவிட்டுச் சுவீடனுக்குப் போனார் என்ற கதையை இன்றும் சொல்வார்கள். ஜூன் 26, கோத்தன்பேர்க்கில் ஜேர்மனியை 2–0 என வென்றார்கள். மறுநாள் நகரசபைச் சதுக்கத்தில் சனக்கடல். அதே காலத்தில்தான் பொஸ்னிய அகதிகளும் இங்கே வந்திறங்கினார்கள். ஒருவர் நாடு உடைந்ததால் இன்னொருவருக்குக் கிடைத்த இடம் அது. அந்த வெற்றியை என்னால் முழுதாகக் கொண்டாட முடிவதில்லை.

2009 டிசம்பரில் பெல்லா சென்டரில் கூடிய காலநிலை மாநாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நூற்றுக்கு மேற்பட்ட தலைவர்கள் வந்தார்கள். வெப்ப உயர்வு 2 பாகைக்குள் நிற்கவேண்டும் என்று ஒரு தாள் எழுதினார்கள். மாநாடு அதை ஏற்கவில்லை, 'கவனத்தில் எடுத்துக்கொண்டது'. அலுவலகங்களில் நாங்கள் கேட்டுப் பழகிய வார்த்தை!

அதைவிட எனக்குப் பிடித்தது, அமாகர் கடற்கரையிலிருந்து தெரியும் மிடெல்குறுண்டன் காற்றாலைகள். 2000ஆம் ஆண்டு கடலுக்குள் நட்ட 20 ஆலைகளில் பாதியை 8,000க்கு மேற்பட்ட சாதாரண சனங்கள் கூட்டுறவாகப் பங்கு வாங்கி நிறுத்தினார்கள். மெட்ரோவில் அமாகர் ஸ்ட்ராண்ட் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச நடைதான். ஆடி மாதமென்றாலும் பிள்ளைகளுக்கு ஜக்கெற் கொண்டுபோங்கள்.