சுவருக்குப் பின்னால் போகும் காசு

ரொறன்ரோவில் குளிர்காலத்தில் நிலம் உறையும். உறைந்த மண் பொங்கி வீட்டைத் தூக்கிவிடாமலிருக்க, அத்திவாரம் 1.2 மீற்றராவது, அதாவது நாலு அடி, கீழே இறங்கவேண்டும். நாலு அடி வெட்டியவன் இன்னும் கொஞ்சம் வெட்டினால் ஒரு தளமே கிடைத்துவிடும். பேஸ்மென்ற் பிறந்த கணக்கு இவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் நாலு அடி தோண்டுவதற்குள் சுண்ணாம்புக்கல் தட்டும். நிலத்துக்குக் கீழே நாங்கள் கட்டியது கிணறும், போர்க்காலத்தில் பங்கரும்தான். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து இறங்கியவர்களில் பலருக்கு முதல் வீடு யாரோ ஒருவருடைய பேஸ்மென்றாக அமைந்தது. இன்று அவர்களிலேயே பலர் வீட்டுக்காரர். கீழ்த்தளத்தை முடித்து வாடகைக்கு விட்டால்தான் மோட்கேஜ் கட்டலாம் என்ற நிலையில் இருக்கிறார்கள்.

அப்படி முடிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பேஸ்மென்றைப் பார்க்க மாசி மாதக் குளிரில் ஸ்காபரோவுக்குப் போய்வந்தேன். அறுபதுகளில் கட்டிய பங்களோ. அத்திவாரச் சுவர் கொங்கிறீற் கல். வீட்டுக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். வேலையை எடுத்த கொன்றாக்டர் கிளிநொச்சிப் பக்கம், ஊரில் தச்சுவேலை பழகியவர். அவருக்குக் கீழே சட்டம் அடிக்கும் இரண்டு தம்பிமார், குப்பை சுமக்கத் திருச்சியிலிருந்து படிக்க வந்த ஒரு பையன், கடைசிக் கட்டத்துக்கு வருகிற, சுவர்ப் பலகை மூட்டுகளுக்கு 'மட்' என்ற பசை பூசுகிறவர். அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். எல்லோருக்கும் அவர் 'மட் ஐயா'.

வீட்டுக்காரர் தன் செலவுக் கணக்கைப் பெருமையோடு காட்டினார். பொட் லைற் எத்தனை, தரைக்கு என்ன நிற வைனல், குசினிக் கபினற், குளியலறை ஓடு, பக்கவாசல் கதவு எல்லாம் வரிசையாக இருந்தன. கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருந்தது. தெரியாத ஒன்றுக்கும் இல்லை. கையில் மூன்று மதிப்பீடுகள் இருந்தன: 44,000 டொலர், 59,000, 66,000. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆகக் குறைந்ததில் நகரசபைப் பெர்மிற் இல்லை, மின்சாரப் பரிசோதனை இல்லை, சீலிங்குக்குள் வைக்கும் ரொக்வூல் பஞ்சு இல்லை, 13 வீத எச்.எஸ்.ரி. வரியும் இல்லை. மலிவாக இருந்தது வேலை அல்ல, தாள். அவர் நடுவிலுள்ளதை எடுத்திருந்தார். நல்ல புத்தி என்றுதான் சொல்வேன்.

பழைய பலகைச் சுவரைக் கழற்றியபோதுதான் கணக்கு ஆடத் தொடங்கியது. கொங்கிறீற் கல்லின் அடிவரிசை முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கொன்றாக்டர் அதை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

"தம்பி, இதுக்கு மேலை பெயின்ற் அடிச்சால் மறையும். சட்டத்தை அடிச்சு ட்றைவோலும் போட்டால் இன்னும் வடிவாய் மறையும். ரெண்டு மூண்டு வருசத்தாலை பூஞ்சணம் மணக்கேக்கை என்னைத்தான் ஏசுவியள்."

"அப்ப எவ்வளவு கூடும் அண்ணை?"

"முதல் தண்ணி எங்காலை வருகுது எண்டு பாப்பம். காசைப் பிறகு கதைப்பம்."

வெளியே போய்ப் பார்த்தோம். பீலியிலிருந்து இறங்கும் குழாய் சுவருக்குப் பக்கத்திலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. பூமரத்துக்கென்று போட்ட மண் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது. இந்த இரண்டையும் திருத்தப் பெரிய செலவில்லை. குழாயை நீட்டி, மண்ணின் சரிவை மறுபக்கம் திருப்பினால் பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மற்றப் பாதி நிலத்துக்குக் கீழே இருந்தது. அத்திவாரத்தைச் சுற்றித் தண்ணீரை வாங்கிக்கொண்டு போகப் புதைத்த பழைய களிமண் குழாய்கள் மண்ணும் வேரும் அடைத்துக் கிடந்தன. ஒரு பக்கச் சுவரை மட்டும் வெளியே தோண்டி, நீர்த்தடை பூசி, புதுக் குழாய் போட்டார்கள். சாக்கடைத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றும் வைத்தார்கள். இதற்கு ரொறன்ரோ நகரசபை நிபந்தனைகளோடு உதவிப்பணம் தருகிறது, பலர் கேட்பதில்லை. 2013 ஜூலை 8 மாலை பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டி, ஊரெங்கும் கீழ்த்தளங்களில் தண்ணீர் ஏறியதை இந்த ஊரில் பேஸ்மென்ற் வைத்திருக்கிற ஒருவரும் மறக்கமாட்டார்.

சட்டம் அடிக்கிற வேலை பார்க்கச் சுகமானது. இரண்டு தம்பிமாருக்கும் அளப்பதும் வெட்டுவதும் அடிப்பதும் ஒரே ஓட்டமாக நடந்தது. சட்டங்களுக்கிடையில் 16 அங்குலம். ஏன் 16 என்று கேட்டேன். ட்றைவோல் பலகை 48 அங்குல அகலம், 96 அங்குல நீளம். இரண்டும் 16ஆல் பிரிபடும். எந்தப் பக்கமாகப் போட்டாலும் விளிம்பு ஒரு சட்டத்தில் வந்து நிற்கும். கொங்கிறீற்றைத் தொடும் அடிச்சட்டம் மருந்தேற்றிய மரம். சுவரையும் சட்டத்தையும் ஒட்டவிடாமல் ஓர் அங்குலம் விலத்தியே நிறுத்தினார்கள். 'அறையில் ஓரங்குலம் வீணாகுதே' என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். அந்த இடைவெளிதான் மரம் உக்காமலிருப்பதற்கான விலை.

உயரம் இன்னொரு தலையிடி. இப்படிப் பழைய வீட்டில் இரண்டாவது குடியிருப்பு அமைக்க ஒன்ராறியோ கட்டட விதி 1.95 மீற்றர் உயரம் கேட்கிறது. சூடாக்கியின் தகரக் குழாய்களும் இரும்பு உத்தரமும் போகிற இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இங்கே மயிரிழையில் தப்பியது. தப்பாதிருந்தால் தரையை உடைத்து அத்திவாரத்துக்குக் கீழே தோண்டவேண்டும். அந்தச் செலவுக்கு முன்னால் மற்ற எல்லாச் செலவும் சில்லறை. படுக்கையறை யன்னலும் அப்படித்தான். தீப்பிடித்தால் ஆள் வெளியேறக்கூடியதாக, திறந்த பரப்பு 0.35 சதுர மீற்றரும் எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் இருக்கவேண்டும். பழைய பேஸ்மென்ற் யன்னல் வழியாகப் பூனைதான் போகும். கொங்கிறீற்றை வாளால் அறுத்துத்தான் பெரிதாக்கினார்கள். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவில் ரொக்வூலும் ஐந்தெட்டங்குல ட்றைவோலும், இரண்டு வீட்டிலும் சேர்ந்து அலறும் புகை எச்சரிக்கைக் கருவியும். வயரிங்குக்கு உரிமம் பெற்ற மின்வேலை நிறுவனமொன்றின் எலெக்ரிசியன் வந்தார். வீட்டுக்காரரின் மச்சான் ஒருவருக்கும் 'வயரிங் தெரியும்' என்று ஒரு கட்டத்தில் பேச்சு வந்தது. ஒன்ராறியோவில் காசுக்கு வயரிங் செய்ய அந்த உரிமம் இல்லாமல் முடியாது என்று கொன்றாக்டர் அந்தக் கதையை அங்கேயே வெட்டினார்.

பெர்மிற்றும் உரிமமும் இல்லாமல் ஒளித்துச் செய்கிற பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. நெடுங்காலம் பல நகரங்களில் இரண்டாவது குடியிருப்பு அனுமதியில்லாத விசயம். 2011இல்தான் ஒன்ராறியோ சட்டத்தை மாற்றி, நகரசபைகள் அதற்கு இடம்கொடுக்க வேண்டும் என்று ஆக்கியது. சட்டம் மாறிவிட்டது, இரகசியமாகச் செய்கிற கை இன்னும் மாறவில்லை. 'கைக்காசு எண்டால் 13 வீதம் மிச்சம்' என்று சொல்கிறவரிடம் வரியோடு வேறு சிலதும் போய்விடும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, அதில் மதிப்பீடும் இருந்தால், நீங்கள் புதிதாக ஒன்றுக்கு ஒப்புக்கொண்டாலொழிய, 10 வீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விடாது. எழுத்தே இல்லாவிட்டால் எந்தத் தொகையில் பத்து வீதம்? கீழே விழுந்து கால் முறிகிற தொழிலாளிக்கும் தான் அங்கே வேலை செய்ததற்கு ஒரு தாளும் இராது.

மட் ஐயா வந்தபோது பேஸ்மென்ற் ஒரு சாம்பல் பெட்டியாக இருந்தது. எனக்கு இந்த வேலையிலேயே ஆகப் பெரிய கைநுட்பம் இதுதான் என்று பட்டது. பலகைகள் சந்திக்கிற ஒவ்வொரு மூட்டிலும் பசை இழுத்து, கடதாசி நாடாவை வைத்து, ஆறங்குலக் கத்தியால் வழித்தார். அது காய்ந்தபின் பத்தங்குலக் கத்தியால் இரண்டாம் பூச்சு, பிறகு பன்னிரண்டங்குலக் கத்தியால் மூன்றாவது. ஒவ்வொரு பூச்சும் முந்தியதைவிட அகலம், முந்தியதைவிட மெலிவு. தோசைக்கு மாவை ஓரத்தில் இழுத்துவிடுகிற மாதிரி, விளிம்பில் ஒன்றுமில்லாமல் போகவேண்டும். கடைசியில் விளக்கைச் சுவரோடு ஒட்டிப்பிடித்துப் பார்த்தார். நேரே பார்த்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் சரிந்த வெளிச்சத்தில் நிழல் போட்டது.

மாசியில் நிலத்துக்குக் கீழே இந்தப் பசை இலேசில் காயாது. சூடாக்கியும் மின்விசிறியும் போட்டுவிட்டு ஐயா அடுத்த நாளுக்குப் பார்த்திருப்பார். தேய்க்கிற நாளில் தூசி புகைபோல நின்றது. சில பசைகளில் சிலிக்கா இருக்கிறது, அது நெஞ்சுக்குள் போனால் திரும்பாது. ஐயா முகமூடி போட்டிருந்தார். திருச்சிப் பையனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

"தம்பி, இதிலை பாருங்கோ," என்று ஒரு மூலையைக் காட்டினார். "சட்டம் அடிச்ச பெடியன் கால் அங்குலம் விட்டிட்டான். அவன் போட்டான். இனி இதை நான் மட்டாலை நிமிர்த்தவேணும். வெடிச்சால் ஏச்சும் எனக்குத்தான்."

"இதுக்குக் கூடத் தருவினமோ ஐயா?"

"கூடவோ? குறைச்சுப்போட்டினம். தண்ணி வேலைக்குக் கன காசு போட்டுதாம். கடைசியாய் வாறவன்ரை காசிலைதானே கழிக்கலாம்."

எனக்கு முழுக் கணக்கும் அப்போதுதான் விளங்கியது. எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்காத வீட்டுக்காரர் அந்தச் செலவைக் கட்டுவதில்லை. தண்ணீர் வேலைக்கு இயந்திரத்தோடு வருகிறவர் முழுக்காசு வாங்காமல் தோண்டமாட்டார். எலெக்ரிசியனின் கையெழுத்தில்லாமல் பரிசோதகர் விடமாட்டார். பேரம் பேச மிஞ்சுவது மட் பூசுகிறவரும் பெயின்ற் அடிக்கிறவரும் குப்பை சுமக்கிற பையனும்தான். கொன்றாக்டரையும் முழுக்கக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்ன தொகைக்குள் முடிக்காவிட்டால் அடுத்த வேலை அவருக்கு வராது. ஆனால் அவர் விழுங்காத நட்டத்தை ஐயா விழுங்குவது எந்த நியாயம்?

இனி வேலை கொடுக்கப்போகிறவர்களுக்கு. பழைய வீடென்றால் மதிப்பீட்டுக்கு மேலே நூற்றுக்குப் பதினைந்தையாவது தனியாக எடுத்து வையுங்கள். பொட் லைற்றைக் குறைத்தாவது வையுங்கள். பெர்மிற்றுக்கான பரிசோதனைகள் முடியாமல் சுவரை மூடவிடாதீர்கள். மூடமுன்னர் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள், குழாயும் வயரும் எங்கே போகிறதென்று பிறகு தேடவேண்டியிராது. கட்டுமானச் சட்டம் வீட்டுக்காரரைப் பத்து வீதத்தைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. 'வேலை பிடிக்காவிட்டால் கொடுக்காமல் விட' என்று பலர் அதை நினைக்கிறார்கள். அது கீழே வேலை செய்தவர்களுக்கும் சாமான் கொடுத்தவர்களுக்கும் காசு போய்ச் சேராவிட்டால் அவர்கள் உரிமை கோருவதற்காக வைக்கப்படுகிற பணம். அதைக் கொடுக்கிற நாளில் கொன்றாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மட் பூசினவருக்குப் பேசின காசு முழுதும் கொடுத்தாச்சோ?