சுமை இறங்கும் இடம்

விடிகாலையில் போடியிலிருந்து ஜீப்புகள் மலை ஏறுகின்றன. ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை மாட்டிக்கொண்டு நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு ஜீப்பின் பின்னாலேயே பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து நாங்கள் போடிமெட்டு போய்ச் சேர்ந்தோம். நான், இசையமைப்பாளரான என் நண்பர், ஒலிப்பதிவுக் கருவியோடு ஓர் இளைஞர். மெட்டில் மூடுபனி இறங்கியிருந்தது. சோதனைச் சாவடி விளக்குகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

நாங்கள் வந்தது 72 நொடிக்காக.

நண்பர் இசையமைக்கும் அனிமேஷன் குறும்படத்தில் அந்தக் காட்சியின் நீளம் அவ்வளவுதான். கதை முதுவர்களுடையது. மதுரையிலிருந்து புறப்பட்டபோது மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறினோம் என்பது அந்தப் பழங்குடி மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நினைவு. முதுகில் சுமந்ததால்தான் முதுவர் என்று பெயர் என்பார்கள். இன்றும் அவர்கள் பேச்சு தமிழை ஒட்டியே இருக்கிறது. காட்சியில் அம்மன் அடிக்கு அடி கனத்துக்கொண்டே போகிறாள். அவள் கைக்கிளி பறந்து மரத்துக்கு மரம் வழி காட்டுகிறது. இறக்கி வைத்த இடத்தில் பாறை பிளந்து ஊற்று கிளம்புகிறது. கிளியும் ஊற்றும் இயக்குநரின் கற்பனை.

டீக்கடை பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்து நண்பர் காட்டினார். வண்ணம் சேராத பென்சில் கோடுகள். சத்தமே இல்லை. நடிகர்களை வைத்து எடுக்கும் படமென்றால் ரீ-ரெக்கார்டிங்குக்கு வரும்போதே வசனம், காலடி, கதவுச் சத்தம் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். வரைந்த படத்துக்கு ஒரு செருமல்கூடக் கிடையாது. காற்று வேண்டுமென்றால் அதையும் நாம்தான் கொண்டுவர வேண்டும். இந்தத் தொழிலின் கஷ்டமும் சுகமும் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

கணக்கு எளிது. நொடிக்கு 24 படங்கள், ஆக 72 நொடிக்கு 1,728. வரைகலைஞர் ஓர் அடிக்குப் பதினாறு படம் என்று நடையை அமைத்திருந்தார். சாதாரண நடைக்குப் பன்னிரண்டு போதும். சுமையும் ஏற்றமும் சேர்ந்ததால் பதினாறு. அப்படியானால் காட்சி முழுக்க 108 அடிகள், நிமிடத்துக்குத் தொண்ணூறு. தாளம் காட்டும் க்ளிக்கை அந்த வேகத்தில் வைத்து, தகதிமி என்று நாலெண்ணிக்கையில் 27 சுற்று போட்டு, கோரஸோடு ஒரு ட்ராக்கை நண்பர் முன்பே செய்து வைத்திருந்தார். கேட்டேன். அச்சாகப் பொருந்தியது. ஆனால் படை நடப்பதுபோல் இருந்தது. சுமக்கிற மாதிரி இல்லை. அவருக்கும் அதே உறுத்தல். அதனால்தான் மலைக்கு வந்தார்.

இந்த அடிவாரம் இசைக்குப் பேர்போனது. 1943-இல் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இதே மலைத்தொடரின் கீழேதான் இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு, கருவி எதையும் தொடாமல் நேராகத் தாளில் இசைக்குறிப்பு எழுதிக் கொடுக்கும் அவரது முறை கோடம்பாக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2007-இல் வந்த 'இனிமே நாங்கதான்' என்ற முப்பரிமாண அனிமேஷன் படத்துக்கும் அவர்தான் இசை. பின்னணி இசையைப் பற்றி யோசிக்கிற தமிழ் இசைக்காரர் யாராக இருந்தாலும் அவரைத் தாண்டிப் போக முடியாது. நண்பரும் அதைத்தான் சொன்னார்: "எப்ப வாசிக்கணும்னு யாரும் சொல்லிக் கொடுத்துடலாம். எப்ப நிறுத்தணும்னு அவர்கிட்டதான் கத்துக்கணும்."

பத்து மணிக்குப் பனி விலகியதும் தெரிந்தவர் ஒருவர் துணையோடு முதுவர் குடி ஒன்றுக்கு நடந்தோம். கதை அவர்களுடையது என்பதால் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்று இயக்குநர் ஏற்கெனவே வந்து பேசியிருந்தார். பெண்கள் துணியால் குழந்தையை முதுகோடு கட்டிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தபடி ட்ராக்கைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "ஏறுறப்ப யாரு பாடுறா?"

நண்பர் கோரஸ் என்றார்.

"சுமையோட ஏறுறப்பப் பாட்டு வராது தம்பி. மூச்சுதான் வரும். எறக்கி வச்சப்புறந்தான் பாட்டு."

எழுந்து, ஒரு விறகுக்கட்டை முதுகில் ஏற்றிக்கொண்டு சரிவில் சில தப்படி நடந்தும் காட்டினார். இரண்டு அடி, கொஞ்சம் மூச்சு பிடித்து மூன்று அடி. மறுபடியும் இரண்டு, மூன்று. நண்பர் தொடையில் தட்டிக்கொண்டே வந்தார். தக தகிட. ஐந்து.

திரும்பும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. டீக்கடைக்கு வந்ததும் ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஐந்து ஒற்றைப்படை. முதல் சுற்று வலது காலில் தொடங்கினால் அடுத்தது இடது காலில் தொடங்கும். அழுத்தம் கால் மாறி மாறி விழும், சுமை தோள் மாறுவதுபோல. 108-இல் ஐந்து 21 தடவை போகும். மிச்சம் மூன்று அடி. மூன்று பதினாறு 48 படம், சரியாக இரண்டு நொடி. அம்மனை இறக்கி வைக்கும் இடமும் அதுவேதான். அங்கே இசை வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும் என்று முடிவு செய்தார். கோரஸ் முழுக்கப் போயிற்று. ஏறும்போது ஓர் உறுமியின் இழுப்பு, கட்டையில் தட்டும் ஓசை, கிளிக்கு ஒரு புல்லாங்குழல். பாட்டு, கடைசியில் பெயர்கள் ஓடும்போது வரும். சாயங்காலம் வரை ஓர் ஓடைக்கரையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு நொடித் தண்ணீரைத் தேடினோம்.

பாலக்காட்டுப் பக்கம் பத்திரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்து அப்போது என் நினைவுக்கு வந்தது. 42 அடித் திரைக்குப் பின்னால் 21 தேங்காய் மூடி விளக்குகளை ஏற்றி, கம்பராமாயணப் பாட்டைப் புலவர்கள் இரவெல்லாம் சொல்வார்கள். குரல் போகிற வேகத்தில்தான் நிழல் அசையும். பாட்டை ஒட்டிப் பாவை ஆடும், பாவை ஆடிய பிறகு பாட்டைத் தேட மாட்டார்கள். 1928-இல் டிஸ்னி 'ஸ்டீம்போட் வில்லி' செய்தபோதும் மெட்ரோனோமை வைத்துத் தாளத்தை முதலில் வகுத்துக்கொண்டுதான் அசைவுகளை வரைந்தார்கள். தூரத்தில் இருக்கும் இரண்டு தொழில்களும் கண்டுகொண்டது ஒரே விஷயம். இன்றோ வண்ணம் தீட்டி முடித்து, வேறு படத்து இசையைத் தற்காலிகமாக ஒட்டி, 'இதே மாதிரி வேணும், நாலு நாள்ல' என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. முந்தைய படமொன்றில் நண்பர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். அந்த இசையை இன்றுவரை அவர் யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை.

இந்தப் படத்தில் பென்சில் கோடாக இருக்கும்போதே அவரை அழைத்தார்கள். அதனால் வரைகலைஞருக்கும் ஒரு வேலை வந்தது. அன்றிரவு போனில் பேசி, அம்மனை இறக்கி வைத்தவர் நிமிரும் அசைவை அந்த 48 படங்களுக்குள் அடக்கித் தரச் சொன்னார் நண்பர். மறுமுனையில் உடனே சரி என்றார்கள்.

அனிமேஷன் படம் எடுக்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. படத்தை முடித்துவிட்டு இசைக்காரரைத் தேடாதீர்கள். கோடு போடும்போதே கூப்பிடுங்கள். கதை பிறந்த ஊருக்கு ஒருநாளாவது அவரை அனுப்பி வையுங்கள்.