ஓடினால் எனக்கு வேண்டாம்

பழைய சாவி கார்களைச் சேர்ப்பவன் என்றுதான் தெரிந்தவர்களிடம் சொல்லிக்கொள்வேன். அது பாதிப் பொய். என் அலமாரியைத் திறந்தால் ஓடுகிற கார் ஒன்றுகூட இருக்காது. சாவி தொலைந்தது, ஸ்பிரிங் அறுந்தது, பல் தேய்ந்தது, முன்சக்கரம் போனது, இவைதான் இருக்கும். ஒரு வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் அதன்மேல் எனக்கிருந்த பிடிப்பு விட்டுப்போகும். சீக்கிரமே அது வேறொருவர் வீட்டுக்குப் போய்விடும். சேகரிப்பாளர்கள் நடுவே இதைச் சொல்வது, திருவொற்றியூர்த் தேரோட்டத்தில் நின்றுகொண்டு எனக்குச் சாமியைவிட அச்சாணிதான் பிடிக்கும் என்பது மாதிரி. அதனால் பல வருஷம் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் மட்டும் தெரியும். சாவியை முறுக்கிக் கூடத்துத் தரையில் விட்டுப் பார்க்கும்போது சமையலறையிலிருந்தே குரல் வரும்.

"என்னங்க, ஓடுதா?"

"ஓடுது."

"சரி, அப்போ அதுவும் கிளம்பிடும்."

என் வயதுக்காரர்களுக்குப் பழைய பொம்மை என்றால் மூர் மார்க்கெட். 1900-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே 30 அன்று எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. அத்திப்பட்டு புதுநகரில் ரயிலேறி சென்ட்ரல் போகிறவன் இன்றும் மூர் மார்க்கெட் வளாகத்தில்தான் இறங்குகிறான், மார்க்கெட்தான் இல்லை. இறங்கி, ரோட்டைத் தாண்டி, பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடித்தால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. துருப்பிடித்த கீல், அறுந்த வயர், செத்துப்போன மிக்ஸி இவற்றின் அடியில் எப்போதாவது ஒரு தகரக் கார் கிடக்கும். பெரும்பாலும் சாவி இருக்காது.

நான் இருக்கும் வள்ளூரில் உட்கார்ந்து தகரப் பொம்மையைக் காப்பாற்றுவது தனிக் கூத்து. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எண்ணூர்க் கழிமுகம். தகரம் என்பது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. பூச்சு முழுசாக இருக்கும்வரை பிழைத்துக்கிடக்கும். ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் வெறும் இரும்பைவிட வேகமாக அரிப்பு ஏறும். இங்கே அதற்கு ஒரு மழைக்காலம் போதும். அடுத்தது அனல்மின் நிலையச் சாம்பல். ஜன்னலைச் சாத்தினாலும் மேஜைமேல் மெல்லிய படலமாகப் படியும் அது பார்க்கப் பவுடர்போல மிருதுவாக இருக்கும். உள்ளே இருப்பதோ மணலின் சரக்கு. எண்ணெய் போட்ட பல்சக்கரத்தில் அது ஒட்டினால் தேய்ப்புப் பசைதான், பித்தளைப் பல்லை மெல்லத் தின்றுவிடும். எனவே நான் எண்ணெயைக் குண்டூசி முனையில் எடுத்து அச்சு சுழலும் துளைகளில் மட்டும் வைப்பேன், பல்லுக்கு வைப்பதில்லை. வண்டிகள் இருப்பது மூடி இறுகிய எவர்சில்வர் சம்படங்களில். மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை நான் தூக்கிப் போடுவதே இல்லை.

பிரித்துப் பார்க்கும் வேலையைத் திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் கடை வைத்திருந்த வாட்ச் கடை பாயிடம் கற்றேன். "முதல்ல ஸ்பிரிங்கை அவுத்து விடுங்க. அவுழலேன்னா கம்பி போட்டுக் கட்டிட்டு அப்புறம் தொறங்க, சார். கண்ணுக்குத்தான் வரும்" என்பார். காரின் மேல்கூடு அடித்தட்டோடு தகர நாக்குகளால் மடக்கப்பட்டிருக்கும். அந்த நாக்கு இரண்டு மூன்று மடிப்புதான் தாங்கும், பிறகு ஒடிந்துவிடும். நமக்கு முன்னால் எத்தனை பேர் பிரித்தார்களோ தெரியாது. ஒவ்வொரு நாக்கையும் கடைசித் தடவை என்று நினைத்துத்தான் நிமிர்த்த வேண்டும்.

உள்ளே பெரும்பாலும் ஒரே வியாதிதான்: ஸ்பிரிங் அதன் உள்முனையில், கொக்கி மாட்டும் இடத்தில் அறுந்திருக்கும். அறுந்த நுனியை மட்டும் சுடரில் காட்டிச் சிவக்க வைத்து, தண்ணீரில் தோய்க்காமல் தானாக ஆறவிட வேண்டும். எஃகு அங்கே மட்டும் இளகி வளையும். புதுக் கொக்கி மடித்து மாட்டினால் ஸ்பிரிங் கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான். கார் இரண்டு அடி குறைவாக ஓடும். அதை யாரும் கேட்கப்போவதில்லை.

ஒருமுறை போருக்குப் பிந்தைய ஜப்பானியக் கார் ஒன்றைத் திறந்தேன். வெளியே நீல வண்ணம், ஜன்னலில் அச்சடித்த டிரைவர். உள்ளே, கூரையின் அடிப்புறத்தில், வேறு ஏதோ டப்பாவின் எழுத்துகள் தலைகீழாக! 1945-ல் ஜப்பானின் ஓட்சுவில் கொசுகே என்ற பொம்மைக்காரர் அமெரிக்கப் படை குடித்துப்போட்ட காலி டப்பாக்களை வெட்டி ஜீப் பொம்மை செய்தார் என்று படித்திருந்தேன். என் கையில் இருந்தது அவருடையது என்று சொல்லமாட்டேன், ஆனால் செய்முறை அதுதான். யோகோஹாமாவில் கிதஹாரா என்ற பொம்மைச் சேகரிப்பாளர் 1986-ல் திறந்த தகரப் பொம்மை அருங்காட்சியகத்தின் அலமாரிகளில் இப்படி எத்தனை எழுத்துகள் உள்பக்கமாக ஒளிந்திருக்குமோ! கண்ணாடிக்கு வெளியே நிற்பவர் அதைப் பார்க்க முடியாது.

நான் சேகரிப்பாளன் இல்லை என்று எனக்கே தெளிவானது வேறொரு நாள். நண்பர் ஒருவர் தம் ஷுக்கோ காரைக் கையில் கொடுத்தார். நூரம்பெர்க்கில் 1912-ல் தொடங்கிய கம்பெனி. கார், பிஎம்டபிள்யூ 328-ஐப் பார்த்து 1936-ல் வெளியிட்ட எக்ஸாமிக்கோ. கை அகலப் பொம்மைக்கு முன்னோக்கி நாலு கியர், ரிவர்ஸ், கிளட்ச். ஒழுங்காக ஓடியது. சுற்றி நின்றவர்கள் விலையைப் பேசினார்கள். எனக்கோ, இது எப்போது பழுதாகும் என்ற ஒரே நினைப்பு. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன், வெட்கமாகவும் இருந்தது.

அதன்பிறகு வாங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். என்னுடையதாக இருந்தால்தான் பழுது பார்ப்பேன் என்று எதற்குப் பிடிவாதம்? சம்பளத்தில் ஒரு பங்கு அதிலேயே கரைந்திருக்கிறது. இப்போது மற்றவர்கள் கொண்டுவருகிறார்கள். கூலி வாங்குவதில்லை, அவசரப்படுத்தக்கூடாது, அவ்வளவே நிபந்தனை. பெயின்ட் அடித்துத் தரச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுவேன். அச்சடித்த வண்ணத்தின்மேல் பிரஷ் பட்டால் அந்தக் கார் செத்தது. சரியாக ஓடுகிறது என்று குழந்தைகள் கையில் கொடுப்பதும் கூடாது. பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று கிடந்தால், ஓடுகிறதா என்று பார்க்க முரட்டுத்தனமாக முறுக்காதீர்கள், தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள். சாவி இருந்தால் ஒரு நூலில் கோத்து வண்டியோடேயே கட்டி வையுங்கள்.